அளக்காத குளோரினுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஐப்பசி மழை இறங்குவதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும். தேர்வாய் கண்டிகையிலும் கண்ணன்கோட்டையிலும் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் மற்ற ஊர்களிலும் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் சாவியை வைத்திருப்பவர்களே, உங்களிடம்தான் முதலில் பேசுகிறேன். பிளீச்சிங் பவுடர் போடாத நாளில் போட்டதாக நோட்டில் எழுதாதீர்கள். குளோரின் அளக்காத நாளில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுக் கட்டத்தை நிரப்பாதீர்கள். இதுவரை அப்படி எழுதிவந்திருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஊராட்சிச் செயலரே, மாதக் கடைசியில் அந்த நோட்டை வாங்கி முப்பது நாளுக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் உங்களுக்கு இருந்தால், இது உங்களுக்கும்தான்.

உங்கள் ஊரை ஒட்டியே சென்னையின் தண்ணீர் நிற்கிறது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, 380 கோடி ரூபாய் செலவில், 500 மில்லியன் கனஅடி கொள்ளளவில் கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. 1944-இல் பூண்டி வந்த பிறகு சென்னைக்காகப் புதிதாகக் கட்டிய முதல் நீர்த்தேக்கம் இதுதான். அந்தத் தண்ணீர் சென்னைக் குழாய்களுக்குப் போகும் முன் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டுகிறது. அங்கே படிகாரம் போட்டுத் தெளியவைக்கிறார்கள், மணலில் வடிகட்டுகிறார்கள், குளோரின் சேர்க்கிறார்கள், வேதியியல் படித்தவர்கள் உட்கார்ந்து அளக்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் குடிநீர். பூமிக்குள்ளிருந்து மோட்டார் இழுக்கிறது, தொட்டி நிறைகிறது, வால்வைத் திறந்தால் தெருவுக்குப் போகிறது. பூமிக்கும் குடத்துக்கும் நடுவில் ஆய்வாளர் எவரும் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள், மோட்டார் ரூம் மூலையில் ஒரு பிளீச்சிங் மூட்டை இருக்கிறது. அவ்வளவுதான். அதனால்தான் நீங்கள் எழுதும் ஒரு வரி பொய்யானால் அதைப் பிடிக்க வேறு ஆள் இல்லை.

"நோட்டுதானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்காகக் கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற ஊர். ஐயாயிரத்துக்கும் குறைவான மக்கள், கிணற்றுத் தண்ணீர். 2000 மே மாதம் அங்கே பல நாள் அடைமழை பெய்தது. ஊருக்குத் தண்ணீர் தரும் கிணறுகளில் ஐந்தாம் எண் கிணறு ஆழம் குறைந்தது. பக்கத்து நிலத்தில் வழக்கப்படி மாட்டெரு போட்டிருந்தார்கள். மழை அந்த எருவிலிருந்த ஈ-கோலை கிருமியை மண்ணுக்குள் இறக்கிக் கிணற்றில் சேர்த்தது. போதுமான குளோரின் இருந்திருந்தால் கிருமி அங்கேயே செத்திருக்கும். நாள்தோறும் அளந்திருந்தால், குளோரின் குறைந்துபோனது ஒரே நாளில் தெரிந்திருக்கும். ஆனால் அங்கிருந்த ஊழியர்கள் அளக்கவில்லை. 0.5, 0.75 என்று பழகிய எண்களைப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அப்படியே பல ஆண்டுகள் எழுதி வந்திருந்தார்கள்.

மே 17 அன்று ஆய்வகத்திலிருந்து மேலாளருக்கு அறிக்கை வந்தது: தண்ணீரில் கிருமி இருக்கிறது. அவர் வெளியே சொல்லவில்லை. ஊரில் பிள்ளைகளுக்கு ரத்தபேதி என்று சுகாதார அலுவலகம் தொலைபேசியில் விசாரித்தபோது, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சுகாதார அலுவலகம் அவரை நம்பிக்கொண்டே இருக்க முடியாமல், மே 21 அன்று காய்ச்சிக் குடிக்கும்படி தானாகவே அறிவித்தது. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். பிழைத்த சிலர் சிறுநீரகக் கோளாறோடு காலம் தள்ளுகிறார்கள்.

நீதிபதி டென்னிஸ் ஓகானர் விசாரித்து 2002-இல் தந்த அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் சாவு எண்ணிக்கை இல்லை. அந்த ஊழியர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதுதான். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சுத்தமானது என்று உண்மையாகவே நம்பினார்கள். மருந்து போடாத தண்ணீரைத் தாங்களே குடித்தார்கள். குளோரின் வாடை அடிக்கிறது என்று ஊரார் குறை சொன்னதால் அளவைக் குறைத்தார்கள். இதில் எந்த வரி நம் ஊருக்குப் பொருந்தாது? "மருந்து வாடை அடிக்குது, டீ நல்லா வரல" என்று தெருவில் நாலு பேர் சத்தம் போட்டால், மறுநாள் பிளீச்சிங் மூட்டையைத் தொடாமல் விடும் ஆபரேட்டர் எத்தனை பேர்? "எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தத் தண்ணிதான், யாருக்கு என்ன ஆச்சு?" என்ற பேச்சை எத்தனை தலைவர்கள் பேசியிருக்கிறார்கள்? தாத்தா காலத்தில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் கிடையாது. போருக்குப் பத்தடி தள்ளிக் கழிவறைக் குழி எடுத்ததும் கிடையாது.

சரி, என்ன செய்ய வேண்டும்? உங்கள் தொட்டி 30,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேர வேண்டுமானால் 30 கிராம் குளோரின் தேவை. நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே 90 கிராம் பவுடர் வேண்டும். இந்தக் கணக்கு புதிதாகப் பிரித்த மூட்டைக்கு. வாய் திறந்து, ஈரம் பட்டு, வெயிலில் வெந்து, மூன்று மாதமாகக் கிடக்கும் மூட்டையில் குளோரின் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் போகலாம். அதில் 90 கிராம் போடுவது சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவதற்குச் சமம். மனச்சாட்சிக்கு மருந்து போட்டாயிற்று, கிருமிக்குப் போடவில்லை. அதனால் மூட்டையை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்றுங்கள். நிழலில், தரையில் படாமல் வையுங்கள். மோட்டார் ரூமிலேயே வைத்தால் அதன் ஆவி ஸ்டார்ட்டரையும் அரித்துவிடும்.

பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கிக் கொஞ்ச நேரம் அசையாமல் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றியவுடன் வால்வைத் திறக்கக் கூடாது, அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும், கிருமி சாக அவ்வளவு நேரம் பிடிக்கும். காலை ஐந்தரைக்குத் தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும் என்பது தெரியும். அப்படியானால் நாலே முக்காலுக்கு எழுந்திருங்கள். வேறு வழியில்லை.

அதன் பிறகு, தொட்டியடியில் இல்லாமல், கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து அளந்து பாருங்கள். சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டதும் வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும், அரை நிமிட வேலை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நிறமே வரவில்லை என்றால் நோட்டில் பூஜ்யம் என்று எழுதுங்கள். பூஜ்யம் எழுத வெட்கப்படாதீர்கள். வழியில் குழாய் எங்கோ உடைந்து சாக்கடை உள்ளே போகிறது என்பதை அந்தப் பூஜ்யம்தான் முதலில் சொல்லும். அங்கே 0.5 என்று எழுதிவைத்தால், உடைப்பு இருப்பதைச் சொல்ல ஊரில் பேதி வந்துதான் ஆக வேண்டும்.

உடைப்பைப் பற்றிப் பேசும்போது ஊரார் செய்வதையும் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் மெதுவாக வருகிறது என்று குழாயை வெட்டி, தெருவோரம் இரண்டடிக் குழி தோண்டி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிக்கிறோம். மழை பெய்தால் அந்தக் குழி நிறைகிறது. கோழி எச்சமும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதில்தான் சேர்கின்றன. வால்வை மூடியதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, குழியில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் காலை முதல் குடத்தில் வருவது அதுதான். சில வீடுகளில் குழாயிலேயே சின்ன மோட்டாரை மாட்டி இழுக்கிறார்கள். அந்த இழுவை, கால்வாய்க்குள் ஓடும் பைப்பின் ஒவ்வொரு விரிசல் வழியாகவும் கால்வாய்த் தண்ணீரை உள்ளே கூப்பிடுகிறது. அம்மா, அண்ணே, அந்த மோட்டாரைக் கழற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வரும் பேதிக்கு உங்கள் வீட்டு மோட்டார் காரணமாக வேண்டாம். குழியை மண் போட்டு மூடுங்கள். நீரழுத்தம் போதவில்லை என்றால் ஊராட்சியைக் கேட்டுச் சண்டை போடுங்கள், அது உங்கள் உரிமை.

காலனித் தொட்டிக்கும் ஊர்த் தொட்டிக்கும் ஒரே அளவு, ஒரே கவனம். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வேதனை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். அந்தக் கொடுமையைச் செய்த கைகளுக்கான நீதி ஒரு பக்கம் இருக்கட்டும். நம் தொட்டிகளின் மூடிகளுக்குப் பூட்டு இருக்கிறதா? ஏணிப்படி ஏறி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? பதினைந்து நாளுக்கு ஒரு முறை தொட்டியை இறைத்துக் கழுவ வேண்டும் என்பது எல்லா ஊராட்சிக்கும் தெரிந்த விதி. தொட்டிச் சுவரில் கழுவிய தேதியைப் பெயின்டில் எழுதுகிறோம். அந்தத் தேதியும் உண்மையாக இருக்க வேண்டும்.

ஆபரேட்டர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மிகச் சொற்பமான ஊதியத்தில், விடுப்பும் இல்லாமல், மின்சாரம் வரும் நேரத்துக்கெல்லாம் ஓடுகிற வேலை அது. பிளீச்சிங் வாங்கித் தராமல், சோதனை மருந்து தீர்ந்து மாதக்கணக்காகியும் புதுப்பிக்காமல், நோட்டை மட்டும் நிரப்பச் சொல்லும் அதிகாரிதான் முதல் பொய்யை எழுத வைக்கிறார். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்டத்திலும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தெருவில் மடக்கிக் கேட்க ஒரு தலைவர் இல்லாத காலத்தில் ஒன்றிய அலுவலகத்தின் பொறுப்பு இரட்டிப்பாகும். பவுடர் இல்லை என்றால் ஆபரேட்டர் நோட்டில் "பவுடர் இல்லை" என்று எழுதட்டும். அப்படி எழுதியவரை மிரட்டாதீர்கள். அந்த வரியைப் படித்த அன்றே மூட்டையை அனுப்புங்கள்.

பிளீச்சிங் கிருமியைத்தான் கொல்லும். ரசாயனம் அதற்கு அடங்காது, காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். தொழிற்பேட்டைகள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் இதை மறக்கவே கூடாது. தேர்வாய் கண்டிகையில் சிப்காட்டுக்கு எடுத்தது 1,127 ஏக்கர். மேய்க்கால் நிலமும் காடும் போகிறது, ஏரிக்கு வரும் தண்ணீர் போகிறது என்று ஊர் மக்கள் போராடினார்கள். ஆலைகள் எழுந்துவிட்டன. இனி அந்த நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் ஆலைக்கும் ஊருக்கும் பொதுவானது. அது கெட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டது. தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது: திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடப்பட்ட பிறகும் 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் மண்ணுக்குள் இறங்கியது. ஆலை முதலாளி போய்விட்டார், கிணற்றை நம்பிய குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன.

ஆகவே ஆலை நிர்வாகிகளே, மழை நாளின் இருட்டில் கழிவைத் திறந்துவிடும் நினைப்பு யாருக்காவது இருந்தால் அதை இன்றே கைவிடுங்கள். ஊர்ப் போர்களில் வருடம் ஒரு முறையாவது முழு ரசாயனப் பரிசோதனை நடக்க வேண்டும். அதில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமையும், மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமையும், காரீயம் 0.01 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. இவற்றுக்குத் தளர்வு கிடையாது. உப்புக்கும் கடினத்தன்மைக்கும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது விதி. இவற்றுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே சுத்தம் செய்து தரும் பாட்டில்தான் செல்லும். அதைப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் அன்றே கொண்டு சேர்க்க வேண்டும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறைக்குப் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளிகள் எந்த நோட்டிலும் வருவதில்லை. வீட்டுக்காரர் தோண்டிய போர், அதை ஒட்டிச் செப்டிக் டேங்க், மாடியில் கழுவாத சின்டெக்ஸ். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு நல்ல காரியத்தை எழுதிவைத்தது. ஆலைக்குள் குடிநீர் இருக்கும் இடத்தில் "குடிநீர்" என்று தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும், கழிப்பறையிலிருந்து அது 6 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றது. ஆலை வாசலைத் தாண்டியதும் அந்தத் தொழிலாளியின் தாகம் மாறிவிடுகிறதா? தங்குமிடத்தை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம் என்று சொல்லி நிர்வாகம் கைகழுவினால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் நம் மாவட்டத்திலேயே பார்த்தோம். பூந்தமல்லி அருகே விடுதிச் சாப்பாட்டால் 159 பெண் தொழிலாளிகள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அங்கே கெட்டது உணவு. தண்ணீர் கெட்டிருந்தால் ஒரு விடுதியோடு நின்றிருக்குமா என்று யோசியுங்கள். உங்கள் தொழிலாளிகள் தங்கும் ஒவ்வொரு கட்டடத்தின் தண்ணீரையும் பரிசோதித்து, அறிக்கையை வாசலில் ஒட்டுங்கள். இந்தியிலும் ஒடியாவிலும்கூட.

ஊரில் தண்ணீர் பரிசோதிக்க ஜல் ஜீவன் திட்டத்தில் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் கையிலிருக்கும் சிறு குப்பியில் தண்ணீர் விட்டு ஒரு நாள் வைத்தால், கிருமி இருந்தால் கறுத்துவிடும். அக்கா, அந்தக் குப்பி கறுத்தால் பயந்து கீழே ஊற்றிவிடாதீர்கள், படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூடுகிறது. அன்றைக்குத் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்க வருபவரிடம், முதலில் பரிசோதனை அறிக்கையை எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கெட்ட ரிசல்ட் என்றைக்காவது வரும். நேர்மையாக அளந்தால் கட்டாயம் ஒரு நாள் வரும். அன்று வாக்கர்டன் மேலாளர் செய்ததைச் செய்யாதீர்கள். மேலதிகாரி என்ன சொல்வாரோ, பத்திரிகையில் வந்துவிடுமோ என்று ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். ஆட்டோவில் மைக் கட்டி, தமிழிலும் இந்தியிலும், தொழிலாளிகள் தங்கும் சந்துகள் வரைக்கும் போய்ச் சொல்லுங்கள்: குழாய்த் தண்ணீரைக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடமாவது காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், பிள்ளைக்குப் பால் கரைக்கவும் அதுதான். ரசாயனம் என்றால் காய்ச்சிப் பயனில்லை என்றும் சேர்த்துச் சொல்லி, லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். சுகாதார ஆய்வாளருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் நீங்களே முதலில் போன் செய்யுங்கள். கிருமி என்றால் தொட்டியை இறைத்துத் தேய்த்துக் கழுவி, கூடுதல் குளோரின் விட்டு நிறுத்திவைத்து வெளியேற்றி, உடைப்பைத் தேடி அடைத்து, மறுபடி மாதிரி எடுத்து அனுப்புங்கள். அடுத்தடுத்து இரண்டு மாதிரிகளும் சுத்தம் என்று வரும்வரை மைக் ஆட்டோ தெருவில் ஓடட்டும்.